சாவி யாரிடம் இருக்கிறது?

சிங்கப்பூர்

அன்புள்ள சேகர்,

கடிதம் வந்து பத்து நாளாகிறது. மருமகளும் குழந்தையும் வீடு வந்துவிட்டார்கள் என்று படித்ததில் நிம்மதி. பேரனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? அதை மட்டும் எழுத மறந்துவிட்டாய்.

உங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தில், இதயம் நின்றவருக்கு ஷாக் கொடுக்கும் ஏஇடி கருவி வாங்கியது நல்ல காரியம். ஆனால் ஆபீஸ் அறையில் வைத்துப் பூட்டி, சாவி செயலாளர் இடுப்பில் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் எனக்குத் திக்கென்றது. இதயம் நின்று விழுந்தவருக்கு யாரும் நெஞ்சை அழுத்தாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 விழுக்காடு குறைந்துகொண்டே போகும். அந்த நேரம் செயலாளர் பெரிய கோயிலுக்குப் போயிருந்தால்? எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் கீழே லிப்ட் பக்கத்துச் சுவரிலேயே மாட்டியிருக்கிறது. திறந்து எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

நானே ஒருமுறை ஓட விட்டேன், தெரியுமா? போன வருஷம் கீழ்த்தளத்தில் 'தாம்' என்ற காய் நகர்த்தும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த பெரியவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். கூப்பிட்டால் பதில் இல்லை. குறட்டை மாதிரி விட்டுவிட்டு ஒரு சத்தம். "மூச்சு வருது" என்றார் பக்கத்தில் ஒருவர். அது மூச்சில் சேர்த்தியில்லை என்று சமூக மன்றப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஒருவரை ஆம்புலன்ஸுக்கு, 995க்கு அடிக்கச் சொல்லி, ஒரு பையனைக் கருவி எடுக்க அனுப்பிவிட்டு அழுத்த ஆரம்பித்தேன். நெஞ்சு 5 செ.மீ.யாவது இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100லிருந்து 120 முறை. ஒரு நிமிடத்திலேயே எனக்கு வாய் உலர்ந்துவிட்டது.

கருவி வந்ததும் ஆன் செய்தால் அதுவே பேச ஆரம்பித்துவிடும். சட்டையைப் பிரித்து, வியர்வையைத் துண்டால் துடைத்தோம். ஷாக்கை உடம்புக்குக் கடத்தும் ஒட்டுப் பட்டை ஈரத்தில் ஒட்டாது. நெஞ்சில் காடு மாதிரி முடி இருந்தால் சிரைக்க உள்ளேயே ரேசர் இருக்கும். ஒரு பட்டை வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாவில். பட்டையிலேயே படம் போட்டிருக்கும். பையன் ஒட்டும்போதும் நான் அழுத்துவதை நிறுத்தவில்லை.

"யாரும் தொடாதீர்கள்" என்று அது சொன்னபோது அவர் மனைவி கையை விடவேயில்லை. நான் கத்தித்தான் விலக்கினேன், பாவம். பட்டனை அழுத்தினேன், உடம்பு ஒரு தூக்கு தூக்கிப் போட்டது. அப்புறம் நான் செய்த தப்பைக் கேள்: எழுந்து உட்காருவார் என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். கருவி அதட்டிய பிறகுதான் மறுபடி கை வைத்தேன். ஷாக் கொடுத்த கையோடு அழுத்தலைத் தொடங்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து அதுவே மறுபடி சோதிக்கும். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள். இப்போது அதே மேசையில் என்னைத் தோற்கடிக்கிறார்.

நல்லா இருக்கிறவனுக்குத் தவறுதலாக ஷாக் போய்விடுமோ என்று உன் சங்கத்தார் பயப்படுகிறார்களாமே. இதயம் தாறுமாறாகத் துடிக்கும் குறிப்பிட்ட கோளாறு இருந்தால்தான் அது ஷாக்குக்குத் தயாராகும். துடிப்பே இல்லாமல் கோடு நேராகப் போனால்கூடக் கொடுக்காது. சினிமாவில் காட்டுவதை நம்பாதே. பேஸ்மேக்கர் வைத்த புடைப்பு தெரிந்தால் அதன் மேல் ஒட்டாமல் சற்றுத் தள்ளி ஒட்டச் சொல். சின்னக் குழந்தைக்கு அதற்கான பட்டை இல்லையென்றால் பெரியவர் பட்டையே போதும், ஒன்று நெஞ்சில், ஒன்று முதுகில்.

1965இல் பெல்ஃபாஸ்டில் பேன்ட்ரிட்ஜ் என்ற டாக்டர் முதன்முதலில் ஆம்புலன்ஸில் ஏற்றிய ஷாக் கருவி கார் பேட்டரியில் ஓடியது, எடை சுமார் 70 கிலோ. ஏறக்குறைய என் எடை! இன்று பள்ளிக்கூடப் பையன் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், நீங்கள் பூட்டி வைக்கிறீர்கள்.

சரி, முதலில் அதை வாட்ச்மேன் கண்ணில் படுகிற சுவருக்கு மாற்றச் சொல். பட்டைக்கும் பேட்டரிக்கும் காலாவதி தேதி உண்டு. உறையைப் பிரிக்காமல் பார்த்து எனக்கு எழுது. அடுத்த கடிதத்தில் பேரன் பெயரும் வர வேண்டும்.

உன்,
முத்து