உங்க எனர்ஜி டிரிங்க் கேன் பத்தி ஒரு புகார்

கஸ்டமர் கேர் டீமுக்கு வணக்கம்,

எனக்கு ரீஃபண்டும் வேணாம் கூப்பனும் வேணாம், இதை மேல இருக்கறவங்க யாராச்சும் முழுசா படிச்சா போதும்.

என் பையனுக்கு வயசு 14. ஸ்கூல்ல நடந்த கேமிங் போட்டிக்கு நீங்கதான் ஸ்பான்சர், அங்க உங்க ஆளுங்க ஃப்ரீயா குடுத்த 500 மில்லி கேனோட வீட்டுக்கு வந்தான். முன்பக்கம் கேம்ல வர்ற மாதிரி ஒரு கேரக்டர், அதுக்குக் கீழ கொட்டை எழுத்துல மொஹிட்டோ ஃப்ளேவர். குழந்தைகளுக்கு ஏற்றதல்லங்கற வரி எங்க இருக்கு தெரியுமா, பின்னாடி பார்கோடு ஓரத்துல, வெள்ளி கலர் மேல சாம்பல் கலர்ல, லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் புடிச்சாதான் கண்ணுக்கே தெரியுது.

100 மில்லிக்கு 32 மில்லிகிராம் கஃபீன்னு நீங்களே போட்டிருக்கீங்க, அப்போ ஒரு கேனுக்கு 160. பிள்ளைங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 3 மில்லிகிராம் வரைக்கும் பயமில்லன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-லயே சொல்லிருக்கு. இவன் 45 கிலோ, அதாவது 135 தான் அவனோட அளவு. ஒரே கேன்ல தாண்டியாச்சு! அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2011-லயே பசங்களுக்கு இது வேணவே வேணாம்னு சொல்லிடுச்சு.

ஆனா தூக்கம் கெடுது, படபடப்பு வருதுங்கறத விட எனக்குப் பெரிய கவலை வேற. சின்ன வயசுல அடிக்கடி எனர்ஜி டிரிங்க் குடிக்கிற பசங்க பின்னாடி மது பக்கம் போறது அதிகமா இருக்குன்னு பசங்களத் தொடர்ந்து கவனிச்ச ஆய்வுகள் சொல்லுது. இதுதான் அதுக்குக் காரணம்னு அந்த ஆய்வுகள் நிரூபிக்கல, எதையும் துணிஞ்சு செஞ்சு பாக்கற பசங்க ரெண்டையுமே தொடுவாங்கன்னும் இருக்கலாம், சரி. ஆனா நீங்க கேன்ல படம் போட்டுக் கூப்பிடறதும் அதே பசங்களத்தானே? மொஹிட்டோன்னு பார்ல ஊத்துற காக்டெய்ல் பேரை 14 வயசுப் பையன் வாய்ல பழக்கி விடுறது யாரு? உங்க விளம்பரத்துல விடிய விடிய பார்ட்டி, கிளாஸ்ல ஐஸ், பக்கத்துல உங்க கேன், அந்த கிளாஸ்ல வேற என்ன கலந்திருக்குன்னு பாக்கற பையனுக்குப் புரியாதா என்ன.

மதுவோட கலந்து குடிச்சா என்ன ஆகும்னு உங்க லேப்ல இருக்கறவங்களுக்கு நல்லாவே தெரியும். கஃபீன் தூக்கக் கலக்கத்தத்தான் அடக்கும், ரத்தத்துல இருக்கற ஆல்கஹால் அப்படியே இருக்கும், அதனால தெளிவா இருக்கோம்னு நெனச்சு இன்னும் குடிப்பாங்க, வண்டியையும் எடுப்பாங்க. இதே காரணத்தச் சொல்லித்தான் 2010-ல அமெரிக்காவோட உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கஃபீன் கலந்த மதுபானம் வித்த 4 கம்பெனிகளுக்கு எச்சரிக்கை விட்டுச்சு. லிதுவேனியா 2014-லயும் போலந்து 2024-லயும் 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு எனர்ஜி டிரிங்க்கே விக்கக் கூடாதுங்கற சட்டத்த அமலுக்குக் கொண்டு வந்தாச்சு. எல்லா நாட்டுலயும் சட்டம் வரட்டும்னு நீங்க ஏன் காத்திருக்கணும்?

ஏற்கனவே ஃபோன் பண்ணிப் பேசினேன், நாங்க குழந்தைகளுக்கு மார்க்கெட்டிங் பண்றதில்ல மேடம்னு ஒரே பதில். அப்போ ஸ்கூல் போட்டியில ஃப்ரீ கேன் குடுத்தது யாருங்க? அதுக்குப் பதில் சொல்லாமலே லைனைக் கட் பண்ணிட்டாங்க, அதுல எனக்கு ரொம்பக் கோவம்.

நான் கேக்கறது இதுதான். ஸ்கூல் பசங்க வர்ற எந்த நிகழ்ச்சியிலயும் சாம்பிள் குடுக்கறத நிறுத்துங்க. அந்த எச்சரிக்கைய முன்பக்கம் பெருசா போடுங்க, கூடவே மதுவோட கலக்காதீங்கன்னும் போடுங்க. காக்டெய்ல் பேரு வெச்ச ஃப்ளேவரையும் அந்த பார்ட்டி விளம்பரத்தையும் எடுங்க. இதுல எதை எப்போ செய்வீங்க, எதை செய்ய மாட்டீங்கன்னு எழுத்துல பதில் வேணும். வரலன்னா கேனோட ஃபோட்டோ, ஃப்ரீயா குடுத்தப்ப எடுத்த ஃபோட்டோ எல்லாத்தையும் சேத்து உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் நுகர்வோர் கோர்ட்டுக்கும் அனுப்பப் போறேன்.

இப்படிக்கு,
ஒரு அம்மா