குடியாத்தம் அத்தைக்கு, அந்த ஜீன் டெஸ்ட்டு விஷயமா

அத்தே, உங்க மருமகளுக்கு அந்த ஜீன் டெஸ்ட்ட பண்ணலாமான்னு கேட்டீங்க, போன்லயே பதில் சொல்லியிருந்தா சண்டையாயிருக்கும், அதான் எழுதறேன். டெஸ்ட் டியூப் முறையில அவளுக்கு வெச்ச கரு நிக்கலன்னதும் அவ படியேறினா, பப்பாளி தின்னா, இந்த வெயில்ல கர்ப்பப்பை சூடாயிருச்சுன்னு இன்னான்னாவோ சொல்லிகினு கீறீங்க. வெயிலால கரு நிக்காதுன்னா வேலூர் ஜில்லாவுல ஒரு புள்ளயும் பொறந்திருக்காது!

கர்ப்பப்பை லைனிங், அதான் உள்பக்க சவ்வு, மாசம் முழுக்க கருவ ஏத்துக்காது அத்தே. முட்டை வெளிய வந்தப்புறம் புரொஜஸ்ட்ரோன்ங்கற ஹார்மோன் ஏறும், அது லைனிங் செல்லுங்கள்ல நூத்துக்கணக்கான ஜீன்ல சிலத ஏத்தும் சிலத எறக்கும், அப்படி எல்லாம் மாறி வந்து சுமாரா 6-ம் நாள்லருந்து 10-ம் நாள் வரைக்கும்தான் கரு ஒட்ட முடியும். 1992-லயே எலில பாத்துட்டாங்க, லிஃப்னு ஒரு ஜீன் இல்லாத பொட்ட எலிக்கு கரு உருவாச்சு ஆனா ஒட்டல, அதே கருவ சாதாரண எலி வயித்துல வெச்சா ஒட்டிகிச்சு. ஒடனே "பாத்தியா, வயித்துலதான் கோளாறு"ன்னு ஆரம்பிச்சிராதீங்க. மனுஷங்கள்ல கரு நிக்காததுக்கு நெறைய தடவ காரணம் கருவுலயே குரோமோசோம், அதான் ஜீனுங்கள சொமக்கற இழை, கூடக்கொறைய இருக்கறதுதான், அத யாரும் வேணும்னு பண்றதில்ல.

இப்ப உங்க புள்ள சொல்ற டெஸ்ட்டு. லைனிங்ல துளி சதைய எடுத்து இருநூறுக்கு மேல ஜீன பாத்து, எந்த நேரத்துல கரு வெக்கணும்னு சொல்றது. கேக்க நல்லாத்தான் கீது. ஆனா 2022-ல ஜாமாங்கற மருத்துவ பத்திரிகையில வந்த அமெரிக்க ஆராய்ச்சியில 767 பேர ரெண்டா பிரிச்சாங்க, டெஸ்ட் சொன்ன நேரத்துல வெச்சவங்கள்ல 58.5 சதவீதம் பேருக்கு கொழந்த, வழக்கமான நேரத்துல வெச்சவங்கள்ல 61.9. லாபமே இல்ல. (அதெல்லாம் குரோமோசோம் செக் பண்ண கரு, அதனால அந்த சதவீதத்த நம்ம வூட்டுக்கு அப்படியே போட்டுக்காதீங்க.) சதை எடுக்கற மாசம் கருவும் வெக்க மாட்டாங்க, அதுவும் போச்சு. ஒரே ஒரு தடவ நிக்காததுக்கு வளையல அடகு வெச்சி இத பண்ணத் தேவையில்லன்னுதான் நான் சொல்வேன்.

கேக்கறதுன்னா கருக்குழாயில நீர் கோத்துகினு கீதா, கர்ப்பப்பை உள்ள பாலிப்னு சின்ன சதை வளர்ச்சி எதனா கீதான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, நீர் கோத்துகினா ஒட்டறது நெஜமாவே கொறையும், அதுக்கு வைத்தியமும் இருக்கு. அடுத்த தடவ நானும் கூட வரேன். ஆனா ரூமுக்குள்ள அவதான் பேசணும், நீங்களும் நானும் வெளிய ஒக்காருவோம்.