ஆயாவோட எலும்பும் உன்னோட செமினாரும்

பாப்பாவுக்கு,

நீ அனுப்புன செமினார் வீடியோவை நேத்து ராத்திரி பட்டறைய சாத்திட்டு வந்து முழுசா பாத்தேன், அம்மாவும் பக்கத்துலயே உக்காந்து பாத்தா, நீ வேகவேகமா இங்கிலீஷ்ல பேசுனதுல பாதி எங்களுக்குப் புடிபடல, ஆனா படமும் கிராஃபும் எனக்கு நல்லாவே புரிஞ்சுது. கடைசியில ஒரு சார் எந்திரிச்சு, தர்மபுரிக்குத்தான் ஒகேனக்கல் தண்ணி வந்தாச்சே, இனிமே ஃப்ளோரோசிஸ், அதான் ஃப்ளோரைடு ஜாஸ்தியா இருக்கற தண்ணிய குடிச்சு வர்ற வியாதி, அது வந்த எலும்பை வச்சு பிஎச்டி பண்றதுல என்ன இருக்குன்னு கேட்டாரு பாரு, அதுக்கப்புறம் நீ ஒழுங்கா பேசவே இல்ல. அடுத்த நாளு போன்ல டாபிக்கை மாத்திடலாமான்னு கைடுகிட்ட கேக்கப்போறேன்னு சொன்ன. அதுக்குத்தான் உக்காந்து எழுதுறேன், மாத்தாத கண்ணு.

அவரு கேட்டதுல தப்பில்ல, கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா அதுக்கு பதில் உங்கிட்ட இருக்கு, வெளியூரு ஆளுகிட்ட இல்ல. 2013ல கூட்டுக் குடிநீர் வந்துச்சு, நல்ல காரியம், அந்தத் திட்டத்தோட பேருலயே ஃப்ளோரோசிஸ் தடுப்புன்னு சேத்துதான் வச்சாங்க. அதுக்கு முன்னாடி பாலக்கோடு பக்கம், பென்னாகரம் பக்கம்லாம் போர் தண்ணிதான், பாறையில இருந்து ஃப்ளோரைடு கரைஞ்சு வர்ற தண்ணி, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு சொல்றாங்க, நம்ம பக்கம் எத்தனையோ போர்ல அதைத் தாண்டித்தான் இருந்துச்சு. இப்பவும் ரெண்டு நாளு குழாயில தண்ணி வரலைன்னா சனங்க அந்த போருக்குத்தான் குடத்தை தூக்கிட்டுப் போறாங்க. சரி, அதையும் விடு, நாளைக்கே எல்லாருக்கும் ஆத்துத்தண்ணி தடையில்லாம வருதுன்னே வச்சுக்க, நாப்பது வருசமா போர் தண்ணி குடிச்சவங்க எலும்புல ஏறுனது உடனே இறங்கிடுமா, அது வெளிய வர வருசக்கணக்கா ஆகும்னு நீயேதான் எனக்கு சொல்லிக்குடுத்த. அந்த சனமெல்லாம் இப்பதான் வயசாகி வழுக்கி விழற காலத்துக்கு வந்திருக்காங்க. வண்டியில அடிபட்டு வர்றவங்க இருக்காங்க, மூட்டு மாத்தணும்னு வர்றவங்க இருக்காங்க. அவங்களுக்கு பிளேட் வைக்கற டாக்டருக்கு, இந்த எலும்பு எவ்ளோ லோடு தாங்கும், எந்த ஸ்க்ரூ பிடிக்கும்னு யாரு சொல்றது? நீதான் சொல்லணும், அதுக்குத்தானே மெக்கானிக்கல் படிச்சுட்டு பயோ பக்கம் போன.

ஆயாவை உனக்கு லேசா ஞாபகம் இருக்கும். கடைசி காலத்துல கழுத்து திரும்பாது, பின்னாடி இருந்து யாராச்சும் கூப்பிட்டா காலை நவுத்தி நவுத்தி மொத்த உடம்பையும் திருப்பித்தான் பாப்பாங்க, கீழ சம்மணம் போட்டு உக்காந்து களி திங்க முடியாம திண்ணையில கால தொங்கப் போட்டுதான் சாப்பாடு. மாட்டுக்கொட்டாய் வாசப்படியில வழுக்கி விழுந்து தொடை எலும்பு போனப்ப டாக்டரு எக்ஸ்ரேவை வெளிச்சத்துல தூக்கிக் காட்டுனாரு, எலும்பு வெள்ளை வெளேர்னு இருந்துச்சு, இந்த வயசுல இவ்ளோ கெட்டியான எலும்பான்னு அவரே ஆச்சரியப்பட்டாரு. அவ்ளோ கெட்டியா இருந்தா ஏன் சார் ஒடஞ்சுதுன்னு கேட்டேன், அப்ப அவருக்கு நேரம் இல்ல. ஆபரேஷன் முடிஞ்சு வந்து சொன்னது மட்டும் இன்னும் காதுலயே நிக்குது, டிரில் எறங்கவே இல்லைங்க, ஸ்க்ரூ போடறப்ப ஓரத்துல வெடிப்பு வுட்டுதுன்னாரு.

முப்பது வருசமா லேத்துல நிக்கிறவனுக்கு அதைக் கேட்டதும் வார்ப்பிரும்பு ஞாபகம்தான் வந்துச்சு. மைல்டு ஸ்டீல்ல டிரில் போட்டா சிப் சுருள் சுருளா நீளமா வரும், வார்ப்பிரும்புல போட்டா தூளா கொட்டும், கெட்டிதான் ஆனா சுத்தியல்ல ஒரு அடி பலமா வுழுந்தா பொசுக்குன்னு ரெண்டாயிடும். நீ ரெண்டாவது ஸ்லைடுல காட்டுனதும் அதுதானே, எலும்புல பாதி வேலை தாதுப்பொருளு, மீதி வேலை கொலாஜன்ங்கற புரத இழை, தாது கடினம் குடுக்கும், கொலாஜன் வளையற குணம் குடுக்கும், ஃப்ளோரைடு போயி அந்த தாதுல ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்துல உக்காந்துக்குது. அந்த கொலாஜன் மூணு இழை முறுக்குன கயிறு மாதிரி இருக்குன்னு 1954ல நம்ம மெட்ராஸ் யுனிவர்சிட்டியில ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எழுதுனாங்க, கங்காரு வாலை வச்சு எக்ஸ்ரே எடுத்தாங்கன்னு நீ சின்ன வயசுல ஸ்கூல் போட்டிக்காக மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சியே, அதை ஏன் செமினார்ல ஒரு வார்த்தை கூட சொல்லல?

அப்புறம் நீ ஒரே ஒரு ஸ்லைடுல ஓட்டிட்டுப் போன அந்த அமெரிக்கா ஆராய்ச்சி, 1990ல வந்தது, எலும்பு தேயற வியாதி இருந்த 202 பொம்பளைங்களுக்கு, பாதிப் பேருக்கு ஃப்ளோரைடு மாத்திரை குடுத்து நாலு வருசம் பாத்தது. முதுகெலும்போட அடர்த்தி 35 சதவீதம் கூடிப்போச்சு, ஆனா முதுகெலும்பு முறியறது பெருசா குறையல, மத்த எலும்பு முறியறது ஜாஸ்தியாயிடுச்சு. பாப்பா இதுதான் உன் தீசிஸோட உசுரு, இதைத்தான் முதல்ல வைக்கணும், இதுக்கப்புறம் ஸ்கேன்ல அடர்த்தி நல்லா இருக்குன்னு எந்த டாக்டரும் நிம்மதியா இருக்க முடியாதுல்ல. அதையும் வச்சு, 1937லயே மெட்ராஸ் மாகாணத்துல நெல்லூர் பக்கம் இந்த வியாதிய எழுதி வச்சாங்கன்னு நீ சொன்னியே அதையும் வச்சுட்டு, இத்தனை வருசம் கழிச்சும் இந்த எலும்புல ஸ்க்ரூ எப்படி போடறதுன்னு சொல்ல சரியான அளவு இல்லைன்னா அதை யாரு எடுக்கறதுன்னு அந்த சார்கிட்டயே திருப்பிக் கேளு. மரியாதையா கேளு, ஆனா கேளு.

இன்னொரு விசயம், டெஸ்ட் ரிசல்ட் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலைன்னு கவலைப்படற இல்ல, அந்த வளைக்கிற டெஸ்ட் வீடியோவை நான் நிறுத்தி நிறுத்தி பாத்தேன். எலும்பு உருண்டையா இல்ல, மேல இருந்து அமுத்துனதும் ஒரு பக்கமா லேசா பொரளுது, கிராஃப்ல ஆரம்பத்துல ஒரு கோணல் வருது பாரு அது அதனாலதான்னு எனக்குப் படுது. முதல்ல சின்னதா ஒரு லோடு குடுத்து உக்கார வச்சுட்டு அப்புறம் ஆரம்பி. கீழ இருக்கற ரெண்டு சப்போர்ட்டும் கத்தி மாதிரி கூரா இருக்கு, அது எலும்புல பதிஞ்சு பள்ளம் பண்ணும், உருளையா மாத்தணும், ஒண்ணாவது லேசா சுத்தணும். அப்புறம் டேபிள் மேல எலும்பை வெறுமனே வச்சிருந்த, காஞ்ச எலும்பு ஒரு மாதிரி ஒடையும் ஈர எலும்பு வேற மாதிரி ஒடையும்னு உனக்கே தெரியும், சலைன்ல நனைச்ச காஸ் துணி சுத்தியே வை, மெஷின்ல வைக்கறப்பதான் பிரிக்கணும். ஒடஞ்ச முகத்தை ஒவ்வொண்ணா போட்டோ எடு, வெடிப்பு நேரா போயிருக்கா, பிசிறு பிசிறா போயிருக்கான்னு பாரு, நம்பரு சொல்லாததை அது சொல்லும். முடிஞ்சா டிரில் டெஸ்டும் சேத்துக்க, 47 டிகிரி சூடு ஒரு நிமிசம் இருந்தாலே எலும்பு செத்துப்போகும்னு நீ சொன்ன, கெட்டியான எலும்புல டிரில் அதிக நேரம் நிக்கும், அப்ப எவ்ளோ சூடு ஏறுதுன்னு அளந்து சொன்னா ஆபரேஷன் பண்றவங்களுக்கு நாளைக்கே பிரயோஜனப்படும்.

உன் பிஎச்டி வேலைய பாக்கற டாக்டரல் கமிட்டி, அந்த டிசி மீட்டிங் அடுத்த மாசம்னு சொன்ன, அதுக்குள்ள ஜிக், அதான் எலும்பைத் தாங்கற அந்த சப்போர்ட் செட்டை மாத்திடலாம். ரோலர் டயா எவ்ளோ, ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ கேப்பு, மெஷின் பெட்ல போல்ட் ஓட்டை எங்கெங்க இருக்கு, மூணையும் அளந்து கையால ஒரு படம் போட்டு வாட்ஸப்புல அனுப்பு. எலிக்கால் எலும்புக்கு தனியா சின்ன கேப்பு வேணும்னா அதையும் போடு, ரெண்டு செட்டா கடைஞ்சுடறேன். எஸ்எஸ் ராடு பட்டறையிலயே கெடக்கு, படம் வந்தா ரெண்டு நாள்ல முடிச்சு கூரியர்ல போட்டுடுவேன், அம்மா கூடவே ராகி மாவு வைக்கணும்ங்கிறா, வெயிட்டு எவ்ளோ வரும்னு பாத்துக்கறேன்.

அப்பா