ஃபில்ச்சின் அஞ்சல் வழிப் படிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த மந்திரப் பள்ளிக் கதைகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பதின்வயதுப் பிள்ளைகள் படிக்கும் மாயக்கதைகளைப் பற்றி இவ்வளவு பொறுமையாக ஒருவர் எழுதியதே சந்தோஷம். 1997-இல் ஹாரி பாட்டர் வந்த பிறகுதான் மந்திரத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டினார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. உர்சுலா லெ குவின் 1968-லேயே தன் நாவலின் கற்பனை உலகத்தில், ரோக் தீவில், ஒரு மந்திரப் பள்ளியைத் திறந்துவிட்டார், ஜில் மர்ஃபி 1974-இல் மில்ட்ரெட் என்ற தடுமாற்றக்காரப் பெண்ணைச் சூனியக்காரிகள் பள்ளியில் சேர்த்துவிட்டார் என்று கட்டுரையாளர் எடுத்துச் சொன்னது நல்லது. ஆனால் கட்டுரை முழுக்க, இடம் கிடைத்து உள்ளே போன பிள்ளைகளைப் பற்றித்தான். இடம் கிடைக்காதவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இந்தக் கடிதம் அவர்களுக்காக.

1998-இல் வந்த இரண்டாவது ஹாரி பாட்டர் நாவலில் ஒரு சின்னக் காட்சி. துடைப்பத்தில் பறந்து ஆடும் க்விட்டிச் ஆட்டத்தின் பயிற்சி முடிந்து சேறு சொட்டச் சொட்ட வரும் ஹாரியை ஃபில்ச் பிடித்துத் தன் அறைக்கு இழுத்துப் போகிறார். வாட்ச்மேன், வார்டன், துப்புரவாளர் மூவரும் ஒரே ஆளானால் எப்படியோ, அதுதான் அந்தப் பள்ளியில் ஃபில்ச்சின் வேலை. மாடியில் ஏதோ விழுந்து நொறுங்கும் சத்தம் கேட்டு அவர் ஓடிவிட, மேசையில் இருக்கும் ஊதா நிற உறை ஒன்று ஹாரியின் கண்ணில் படுகிறது. எடுத்துப் பார்த்தால் ‘க்விக்ஸ்பெல்’. தொடக்கநிலை மந்திரத்துக்கான அஞ்சல் வழிப் படிப்பு! படித்துப் பலனடைந்தவர்களின் பாராட்டுகள் வேறு. அதில் ஒருவர், தன்னைக் கேலி செய்த மனைவியை யாக் எருமையாக மாற்றிவிட்டாராம். முதல் பாடமே மந்திரக்கோலைக் கையில் எப்படிப் பிடிப்பது என்பதுதான். திரும்பி வந்த ஃபில்ச், உறை இடம் மாறிக் கிடப்பதைப் பார்க்கிறார். முகம் வெளுத்து, பிறகு சிவந்து, அது தன்னுடையது இல்லை, நண்பர் ஒருவருடையது என்று உளறி, யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லிப் பையனைத் தண்டிக்காமலே அனுப்பிவிடுகிறார்.

பிற்பாடு ஹாரியின் நண்பன் ரான் விளக்கம் சொல்கிறான். மந்திரவாதிக் குடும்பத்தில் பிறந்தும் மந்திரம் வராதவர்களை ஸ்குவிப் என்பார்களாம். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு முட்டுகிறது. சிரிக்கக் கூடாதுதான், ஆனால் ஃபில்ச் ஆயிற்றே என்கிறான். படிக்கிறவர்களும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். என் பேத்தியும் அப்படித்தான் சிரித்தாள். எனக்கு அங்கேயே நின்றுவிட்டது.

காரணம் இருக்கிறது. நான் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்குவது, அமிலப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது, செய்முறைத் தேர்வு அன்று உப்பைப் பொட்டலம் கட்டி வரிசை எண் எழுதி வைப்பது, இவைதான் என் வேலை. வரலாற்றில் பி.ஏ. படித்தது அஞ்சல் வழியில். பாடப் புத்தகக் கட்டு வீட்டு முகவரிக்கு வந்தால் மழையில் நனைந்து போகும் என்று பள்ளி முகவரியைக் கொடுத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, கட்டு வந்த அன்றெல்லாம் ஆசிரியர் அறையில், “என்ன, கலெக்டர் பரீட்சையா?” என்று ஒரு குரல் கேட்கும். கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை, தமாஷ்தான். அதனாலேயே பதில் சொல்லவும் முடியாது. தபால்காரரிடம் வாங்கிய கையோடு, பியூரெட்டும் பிப்பெட்டும் வைக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் கட்டைத் தள்ளிவிடுவேன். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் பிரிப்பது. அந்த ஊதா உறையைப் பார்த்து என்னால் எப்படிச் சிரிக்க முடியும்?

ஃபில்ச்சுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. பிள்ளைகளைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிடும் காலம் திரும்பாதா என்று ஏங்குகிற மனிதர் அவர். ஐந்தாம் நாவலில் சவுக்கடிக்கு அனுமதி வரப்போகிறது என்றதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் அவருடைய வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தனக்கு எந்த ஜென்மத்திலும் வராத ஒன்றைப் பதினொரு வயதுப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டே அவர்கள் மிதித்த சேற்றைத் துடைக்க வேண்டும். மந்திரக்கோலை ஒரு சுழற்று சுழற்றினால் தரை பளிச்சென்றாகிவிடும் கட்டடத்தில், அவர் ஒருவர் மட்டும் துடைப்பமும் கையுமாக.

ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலின் கதையும் இதே சங்கதிதான். பையனுக்கு மந்திரம் இருக்கிறதா என்று பார்க்க, வீட்டுப் பெரியவர் ஒருவர் அவனைப் பிளாக்பூல் கடல்மேடையிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார், அவன் மூழ்கத் தெரிந்தான். இன்னொரு நாள் மாடி ஜன்னலுக்கு வெளியே காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தபோது கை நழுவிவிட்டது. பையன் தோட்டத்தில் துள்ளித் துள்ளிச் சாலை வரை போய் விழுந்தான், எல்லோருக்கும் ஆனந்தம். நெவில் இதைச் சிரிப்பாகச் சொல்கிறான். துள்ளாமல் விழுந்திருந்தால்?

மந்திரவாதிக் குடும்பத்தில் பிறந்தவர்களே உசத்தி என்று ரத்தச் சுத்தம் பேசும் மால்ஃபோய் குடும்பத்தை ஹாரி பாட்டரை எழுதிய ரௌலிங் தோலுரிக்கிறார், மந்திரம் தெரியாத பல் மருத்துவர் வீட்டுப் பெண்ணான ஹெர்மயனிதானே வகுப்பில் முதல் என்று கட்டுரையாளர் பதில் சொல்லலாம். சரி. ஆனால் ஹெர்மயனிக்கும் மந்திரம் பிறக்கும்போதே இருந்தது. அது பெற்றோர் வழியாக வந்ததா, தானாக வந்ததா என்றுதான் அந்த உலகத்தில் சண்டை. பிறப்போடுதான் வர வேண்டுமா, உழைத்தால் வராதா என்று கேட்பதற்கு அங்கே ஆளில்லை. கேட்ட ஒரே ஆசாமி ஊதா உறைக்குப் பணம் கட்டி ஏமாந்த ஃபில்ச்தான். முதல் மாதத் தேர்விலேயே, “இவனுக்குப் படிப்பு ஏறாது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது.

லெ குவினின் ரோக் பள்ளியிலும் பிறவித் திறமை வேண்டும். ஆனால் உள்ளே போனால் சும்மா இல்லை. ஒதுக்குப்புறமான கோபுரத்தில் உட்கார்ந்து பொருள்களின் உண்மைப் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டும், நள்ளிரவானால் பட்டியலில் உள்ள எழுத்தெல்லாம் அழிந்துவிடும். நாயகன் கெட், ஆடு மேய்த்த பையன். அவனுக்கு முதல் மந்திரம் சொல்லிக்கொடுத்தவள் அவன் பெரியம்மா, கிராமத்து மந்திரக்காரி. ஆனால் அவளுக்கு ரோக்கில் இடமில்லை, அங்கே பெண்களைச் சேர்ப்பதே இல்லை. தான் 1968-இல் சாத்திய கதவை லெ குவினே பிறகு தட்டினார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. 1990-இல் ‘தெஹானு’ நாவலில் பெண்கள் பக்கம் நின்று அதே உலகத்தைத் திரும்பப் பார்த்தார். பிறகு ‘டிராகன்ஃபிளை’ கதையில் ஒரு பெண்ணைப் பள்ளி வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். டெர்ரி பிராட்செட் 1987-இல் எழுதிய ‘ஈக்வல் ரைட்ஸ்’ நாவலில், பெண் என்பதால் சேர்த்துக்கொள்ள மறுத்த பல்கலைக்கழகத்துக்குள் எஸ்க் என்ற சிறுமி துப்புரவு வேலைக்காரியாக நுழைகிறாள். துடைப்பமாக வேடம் போட்ட மந்திரத் தடியால் பெருக்கிக்கொண்டே பாடம் கேட்கிறாள். அந்தப் பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் படித்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

நைஜீரியாவின் அபா நகரில் நடக்கும் ‘அகாட்டா விட்ச்’ (2011) கட்டுரையில் இல்லாதது பெரிய குறை. நெடி ஓகோராஃபர் எழுதியது. அதில் பிள்ளைகள் பகலில் சாதாரணப் பள்ளிக்கும் இரவில் மந்திர ஆசிரியரிடமும் போகிறார்கள். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் ‘சிட்டிம்’ என்ற வளைந்த உலோகத் துண்டு மேலிருந்து விழும். அதுதான் அவர்களுக்குப் பணம். எழுத்துகள் மாறி மாறித் தெரியும் டிஸ்லெக்ஸியா உள்ள ஒர்லு, பிறர் போட்ட மந்திரத்தை அவிழ்ப்பதில் கெட்டிக்காரன். இங்கும் பிறவி அம்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பள்ளியில் குறை என்று எழுதிவைத்ததை இந்தக் கதை வேறு மாதிரி எண்ணிப் பார்க்கிறது.

இரண்டாம் பகுதி வரும் என்று கட்டுரையின் அடியில் குறிப்பு இருந்தது. அதில் இவற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கட்டுரைக்கு உங்கள் ஓவியர் வரைந்த படத்தில் கெட் வெள்ளைவெளேரென்று இருக்கிறான். கதையில் அவன் செம்பு நிறத்தவன், நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு. 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் வெள்ளைக்கார நடிகரைக் கெட்டாகப் போட்டதைக் கண்டித்து லெ குவினே எழுதியிருக்கிறார். அடுத்த இதழிலாவது படத்தை மாற்றிப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கோவில்பட்டி.