வெயிட் நார்மல்னா எல்லாம் நார்மலா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க ஞாயிறு இணைப்புல சாப்பாட்டுக் கோளாறுகள் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். நல்லா இருந்துச்சு, ஆனா குண்டாயிடுவோமோன்னு பயந்து சாப்பிடாம எலும்பும் தோலுமா இருக்கற அனோரெக்ஸியா, அள்ளித் தின்னுட்டு வாந்தி எடுக்கற புலிமியா ரெண்டோட முடிச்சுட்டீங்க. ரெண்டுலயும் சேராதவங்க நிறைய பேர் இருக்காங்க, எங்க வீட்டுலயே ஒருத்தி இருக்கா.

என் அக்கா பொண்ணு, காலேஜ் படிக்கறா. 84 கிலோ இருந்தவ ஒரே வருஷத்துல 60க்கு வந்துட்டா. கல்யாண வீட்டுக்குப் போனா ஆளாளுக்கு "சூப்பரா இளைச்சுட்டியேடி, என்ன டயட்"னு கேக்கறாங்க. வீட்டுல இட்லியைப் பிச்சுப் பிச்சுத் தட்டோரமா ஒதுக்கிட்டு, சாம்பார்ல கிடக்கற வெங்காயத்தை மட்டும் தின்னுட்டு எழுந்துடுவா, கேட்டா வயிறு உப்புசமா இருக்கும்பா, இல்லன்னா செவ்வாய் வெள்ளி விரதம்பா. பீரியட்ஸ் நின்னு போச்சு, முடி கொத்துக் கொத்தா கொட்டுது, எழுந்து நின்னா கண்ணு இருட்டுது. டாக்டர் வெயிட் பாத்துட்டு "உயரத்துக்குச் சரியாத்தானே இருக்கு"ன்னு சத்து மாத்திரை குடுத்து அனுப்பிட்டார். அப்புறம் போன மனநல மருத்துவர்தான் நாடித்துடிப்பு, பிபி, ரத்தத்துல பொட்டாசியம் எல்லாம் பாத்துட்டு இது ஏடிப்பிக்கல் அனோரெக்ஸியா, அதாவது வெயிட் நார்மலா தெரிஞ்சாலும் மத்ததெல்லாம் அனோரெக்ஸியாதான்னாங்க.

மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தற, 2013ல வந்த டிஎஸ்எம்-5 கையேட்டுல இப்படிப்பட்டதுக்கெல்லாம் ஓஸ்ஃபெட் (OSFED), அதாவது குறிப்பிட்ட மற்ற சாப்பாட்டுக் கோளாறுகள்னு ஒரு பிரிவே இருக்கு. அளவா சாப்பிட்டும் வாந்தி எடுக்கறவங்க, பேதி மாத்திரை போடறவங்க, ராத்திரி தூக்கத்துலேர்ந்து முழிச்சு எழுந்து எழுந்து சாப்பிடறவங்க, புலிமியாவுக்குன்னு வெச்சிருக்கற வாரம் ஒரு தடவை, 3 மாசம்ங்கற கணக்கை எட்டாதவங்க எல்லாம் அதுல வருவாங்க. கணக்கை எட்டலன்னா ஆபத்தும் இல்லன்னு நினைச்சுடக் கூடாது, வாந்தியால பொட்டாசியம் இறங்கினா இதயத்துடிப்பே தாறுமாறாகும், குண்டா இருந்தவங்க வேகமா இளைச்சாலும் நாடி ரொம்ப மெதுவாகிடும். 1998ல வெளியான ஆய்வுல சென்னை மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் 210 பேர்ல, முழு நோய்னு சொல்ல முடியாம ஆனா சாப்பாட்டாலயே அவதிப்பட்டவங்க 100க்கு 15 பேர் கிட்ட இருந்தாங்க, அப்பவே!

ஆசிரியர்கிட்ட ஒரே கோரிக்கைதான். "3 மாசத்துல 20 கிலோ குறைச்சேன்"னு போட்டோவோட பேட்டி போடறீங்களே, அந்தப் பக்கத்துலயே பீரியட்ஸ் நிக்கறது, மயக்கம், சாப்பாட்டுக்கு அப்புறம் பாத்ரூம்ல ரொம்ப நேரம் இருக்கறது இதெல்லாம் தெரிஞ்சா வெயிட் எவ்வளவா இருந்தாலும் டாக்டரைப் பாருங்கன்னு ஒரு பெட்டிச் செய்தி போடுங்க, கூடவே அரசோட இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் நம்பர் 14416ஐயும் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு சித்தி, திருச்சி