ஒரு சொல்லோடு மல்லுக்கு நின்ற தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "பாலினம் பாலினம் என்று சொல்லிக் குடும்பத்தையே குலைக்கிறீர்கள்" என்று கத்தியிருக்கிறார். உடலோடு வரும் பால் என்றால் என்ன, ஆண் இப்படி, பெண் இப்படி என்று சமூகம் வகுக்கும் பாலினம் என்றால் என்ன என்று நீ ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறாய். முடித்தபோது பாதி நாற்காலிகள் காலி. "நான் சொன்னது எல்லாம் சரிதான் அக்கா, ஆனா தோத்துட்டேன்" என்று எழுதியிருக்கிறாய்.

நீ சொன்னதில் பிழையில்லை. அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லப் போனதுதான் தப்பு என்று எனக்குப் படுகிறது. சொல்லை விட்டுவிட்டு, அதனால் அடிபடும் ஆளைக் காட்டு என்பேன்.

இந்தக் கோபம் நேற்று வந்ததல்ல. 1995 பெய்ஜிங் பெண்கள் மாநாட்டுக்கு முன்பே வத்திக்கானும் சில நாடுகளும் அந்தச் சொல்லோடு மோதின. அதற்கப்புறம் 'பாலினக் கருத்தியல்' என்ற பெயரில் அது நாடு நாடாகப் போனது. கருக்கலைப்பு, பாலியல் கல்வி, தன்பாலினத் திருமணம், திருநர் உரிமை, குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் என்று பிடிக்காததையெல்லாம் அதே மூட்டைக்குள் போட்டுக் கட்டிவிட்டார்கள். அவிழ்த்து ஒவ்வொன்றாக விளக்கப் போனால் விடிந்துவிடும்.

கொலம்பியாவில் நடந்ததைச் சொல்கிறேன். 2014இல் செர்ஹியோ உர்ரேகோ என்ற 16 வயதுப் பையன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவன் இன்னொரு பையனை முத்தமிடும் படம் பள்ளியின் கையில் சிக்கியதிலிருந்து அவனைப் படாதபாடு படுத்தியிருந்தார்கள். அவன் அம்மா ஆல்பா ரெயெஸ் விடவில்லை, வழக்கு நடத்தினார். பள்ளிகளின் நடத்தை விதிகளைச் சீர்படுத்த வேண்டும் என்று 2015இல் அரசியலமைப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வேலை தொடங்கியதும், 2016 ஆகஸ்டில் அதை எதிர்த்துப் பெருங்கூட்டம் தெருவுக்கு வந்தது. எங்கோ வெளியான ஆபாசப் படக்கதையின் பக்கங்களை, கல்வி அமைச்சகத்தின் கையேடு என்று பரப்பினார்கள். செத்துப்போன பையனைப் பற்றிய பேச்சே இல்லாமல் போனது. 'பாலினக் கருத்தியல்' மட்டும் எல்லோர் வாயிலும் இருந்தது.

அதே பேச்சு, பல பத்தாண்டுப் போரை முடிக்க அரசும் ஃபார்க் கெரில்லாக்களும் செய்துகொண்ட சமாதான ஒப்பந்தத்தின் மேலும் பாய்ந்தது. அக்டோபர் 2 வாக்கெடுப்பில் 54,000க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ஒப்பந்தம் தோற்றது. காரணம் இது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். பெண்கள் அமைப்புகளும், தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்ற பால்புதுமையினரின் அமைப்புகளும் சோர்ந்து உட்காரவில்லை. போரில் தங்களுக்கு நடந்ததைச் சொல்லித் திரும்பவும் வாதாடினார்கள். நவம்பரில் கையெழுத்தான திருத்திய ஒப்பந்தத்தில் சொற்கள் மாறியிருந்தன. ஆனால் பெண்களுக்கு நிலம், பாலியல் வன்கொடுமைக்குப் பொதுமன்னிப்பு கிடையாது என்பவை அப்படியே நின்றன.

போலந்தில் 2019 முதல் நூறு உள்ளாட்சிகள் வரை 'எல்ஜிபிடி கருத்தியலுக்கு' எதிராகத் தீர்மானம் போட்டன. எல்ஜிபிடி என்பது பால்புதுமையினரைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். "நாங்கள் எதிர்ப்பது கருத்தியலை, மனிதர்களை அல்ல" என்பது அவர்கள் வாதம். பார்த் ஸ்டாஷெவ்ஸ்கி என்ற செயற்பாட்டாளர் அதோடு விவாதிக்கவில்லை. 'எல்ஜிபிடி இல்லாத பகுதி' என்று எழுதிய பலகை ஒன்றை ஊர்ப்பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து, அந்த ஊரிலேயே வாழும் தன்பாலீர்ப்பாளர்களைப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். கருத்தியல் என்று சொல்லப்பட்டது யாரை என்று படத்திலேயே தெரிந்தது. வேறு சிலர் எந்தெந்த ஊர் தீர்மானம் போட்டது என்று வரைபடம் போட்டார்கள். உள்ளாட்சிகள் அவர்கள் மேல் வழக்குப் போட்டன. ஐரோப்பிய ஒன்றியம் நிதியை நிறுத்துவோம் என்றதும் 2021இல் பல மாகாணங்கள் பின்வாங்கின. மிச்சமிருந்த கடைசித் தீர்மானமும் 2025 ஏப்ரலில் ரத்தானது.

துருக்கியில் தோல்விதான். 'தன்பாலீர்ப்பை இயல்பாக்குகிறது' என்று காரணம் சொல்லி, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான இஸ்தான்புல் ஒப்பந்தத்திலிருந்து 2021இல் அரசு விலகிவிட்டது. ஆனால் 'பெண்கொலைகளைத் தடுப்போம்' அமைப்பு எண்ணுவதை நிறுத்தவில்லை. கொல்லப்பட்ட பெண்களின் கணக்கை மாதாமாதம் வெளியிடுகிறது. ஒழுக்கத்துக்கு விரோதம் என்று சொல்லி அமைப்பையே மூட வழக்கு வந்தது; 2023 செப்டம்பரில் அது தள்ளுபடியானது.

சில இடங்களில் சொல்லுக்காகவே நின்றாக வேண்டும், மறுக்கவில்லை. 2018இல் ஹங்கேரி பாலின ஆய்வுப் பட்டப்படிப்பையே பட்டியலிலிருந்து எடுத்தபோது ஆசிரியர்கள் வேறென்ன செய்ய முடியும்? அதே நாட்டில்தான், 2025 ஜூன் 28 அன்று, தடையையும் அபராதத்தையும் முகமறியும் கேமராக்களையும் மீறி, தலைநகர் புடாபெஸ்டில் நடந்த பால்புதுமையினர் பேரணிக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வந்தார்கள் என்கிறார்கள் அமைப்பாளர்கள். அந்த நகர மேயர் அதை மாநகராட்சி நிகழ்ச்சியாக அறிவித்துத் துணை நின்றார்.

இதையெல்லாம் எழுதும்போது மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாதான் என்னை உறுத்துகிறது. பெண்ணுறுப்புச் சிதைப்பை 2015இல் தடைசெய்த சட்டத்தை நீக்க, மதத்தையும் மரபையும் சொல்லி 2024 மார்ச்சில் மசோதா வந்தது. முதல் கட்ட வாக்கெடுப்பில் எதிர்த்தவர்கள் நான்கே பேர். அப்புறம் பாதிக்கப்பட்ட பெண்கள் வாய் திறந்தார்கள். தங்கள் உடம்புக்குச் சின்ன வயதில் என்ன செய்யப்பட்டது, பிரசவத்தில் என்ன ஆனது என்று சொன்னார்கள். மருத்துவர்களும் பேசினார்கள். ஜூலை 15 அன்று மசோதாவை நாடாளுமன்றம் நிராகரித்தது.

வெற்றிதான். ஆனால் ஏற்கெனவே இருந்த ஒரு சட்டத்தைக் காப்பாற்ற, அந்தப் பெண்கள் ஆறிய புண்ணைத் திரும்பவும் கீறிக் காட்ட வேண்டியிருந்தது. அந்தச் சுமை அவர்கள் தலையில் விழுந்தது அநியாயம். ஆளைக் காட்டு என்று உனக்கு நான் சொல்வதில் இந்த அநியாயமும் சேர்ந்தே இருக்கிறது.

உன் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா, பேச எழுந்து, பிறகு பேசாமலே உட்கார்ந்துவிட்டார் என்று எழுதியிருந்தாயே. அவரைப் போய்ப் பார். அடுத்த கூட்டத்தில் பேசச் சொல்லி வற்புறுத்தாதே. முதலில் அவர் சொல்வதை நீ மட்டும் உட்கார்ந்து கேள். மேடையில் சொல்வதா வேண்டாமா, பெயரோடா பெயர் இல்லாமலா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

அன்புடன்,
அக்கா