ஹூக் பட்டியை மாற்றித் தைத்த அக்காவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

சேதி உங்கள் காதுக்கு வந்திருக்கும். எனக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி வலித்து இறுகிப்போகும் நோய். போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, "அளவு 2.6-க்குக் கீழே வந்துடுச்சும்மா, நோய் அடங்கியிருக்கு" என்றார். அன்றிலிருந்து எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது. பட்டதை மறுபடி எழுதப் போவதில்லை. கூடவே இருந்து பார்த்தவர்கள் நீங்கள்.

வாரம் ஒரு நாள் போடும் மாத்திரையின் கிழமையைத் தவறவிடாத கணவர், மாடி வகுப்பைத் தான் எடுத்துக்கொண்டு கீழ் வகுப்பை எனக்கு விட்டுக்கொடுத்த சக ஆசிரியை, காய் நறுக்கி டப்பாவில் போட்டு அனுப்பிய நாத்தனார், காலையில் மூட்டுகள் இறுகிக் கிடக்கும் என்று தெரிந்து எனக்கு மத்தியான நேரமாகவே ஒதுக்கிய பிசியோதெரபி தங்கை, எல்லோருக்கும் தனித்தனியாக எழுதுவேன். விரல் இப்போது பேனாவைப் பிடிக்கிறது.

இந்த மடலில் நான் அதிகம் சொல்ல நினைப்பது எங்கள் தெருமுனைத் தையல்கார அக்காவைப் பற்றி.

கை வீங்கியிருந்ததால் ஜாக்கெட்டுகளைக் கொஞ்சம் பிரித்துவிட்டுத் தரச் சொல்லிக் கொடுக்கப் போயிருந்தேன். பையின் முடிச்சை அவிழ்க்க நான் பட்ட பாட்டை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. திரும்ப வாங்கப் போனபோது ஹூக் பட்டி முழுவதையும் எடுத்துவிட்டு வெல்க்ரோ, அதான் ஒட்டிப் பிரிக்கும் பட்டை, வைத்துத் தைத்திருந்தார். சொரசொரப்பான பக்கம் உடம்பில் படாமல் வெளியே பார்க்கும்படி, மெத்தென்ற பக்கம் உள்ளே பார்க்கும்படி. புடவை கட்டினால் வித்தியாசமே தெரியாது. "இனிமே காலைல நீங்களே போட்டுக்கலாம் டீச்சர்" என்றார். பிரித்துவிட்டதற்கு மட்டும்தான் கூலி வாங்கினார்.

அதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் என் மகள்தான் ஹூக் மாட்டிவிட்டுக் கல்லூரி பஸ்ஸுக்கு ஓடுவாள். முகம் சுளித்ததே இல்லை, தங்கமான பெண். ஆனாலும் இன்னொருவர் கையால் உடுத்திக்கொண்டு தொடங்கும் நாளில், இந்த உடம்பால் இனி எதுவும் ஆகாது என்ற நினைப்பு விடிந்ததுமே வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் உடற்பயிற்சி எதற்கு, வெளியே போவது எதற்கு?

மறுநாள் காலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே போட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலம், யாரும் சொல்லாமலே, விரல் பயிற்சிக்கான பந்தை எடுத்தேன்.

முடக்குவாதம் உள்ளவர்களுக்கு டாக்டர் போடும் கணக்கு ஒன்று உண்டு. 28 மூட்டுகளை அமுக்கிப் பார்த்து வலியையும் வீக்கத்தையும் எண்ணுவார். உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்ப்பார். கடைசியாக 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோட்டைக் காட்டி, எப்படி இருக்கிறீர்கள், நீங்களே குறியுங்கள் என்பார். நாலும் சேர்ந்ததுதான் முதலில் சொன்ன அந்த அளவு. அடுத்த முறை போனபோது என் ரத்தத்தில் பெரிய மாற்றமில்லை, வீங்கிய மூட்டுகளும் ஏறக்குறைய அதேதான். கோட்டில் நான் வைத்த குறி மட்டும் ‘நலம்’ என்ற முனைப் பக்கம் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஜாக்கெட் கதையைச் சொன்னேன்.

பிசியோதெரபி தங்கை சொல்லித்தான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்ற அம்மையார் செய்த வேலையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். மூட்டுநோய்க்காரர்களுக்குத் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார். 1993-இல் வெளியான முடிவு: நாலு வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்களுடைய வலி சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தது, டாக்டரிடம் போவது 40 சதவீதம் குறைந்திருந்தது. இத்தனைக்கும் உடல் இயலாமை கொஞ்சம் கூடியே இருந்தது! உடம்பு தளர்ந்தும் வலி குறைந்திருக்கிறது. என்னால் முடியும் என்ற தெம்புக்கு அதில் பெரிய பங்கு என்கிறார்கள். படித்ததும் எனக்கு அக்காவின் முகம்தான் வந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நோயை அடக்கியது மெத்தோட்ரெக்ஸேட் என்ற அந்த வார மாத்திரை. அது வேலை காட்ட வாரக்கணக்கில் ஆகும், அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் மனசு வேண்டியிருக்கிறது. "மனசு வச்சா சரியாயிடும், மாத்திரை எதுக்கு" என்று நோயாளியிடம் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். குணமாகவில்லை என்றால் அது அவர் மனசின் குற்றம் என்றாகிவிடும். படுத்திருப்பவருக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது. தைரியமாக இரு என்று எனக்கும் நிறையப் பேர் சொன்னார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் என் தைரியம் ஒரு முழம் வெல்க்ரோவில் வந்தது.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். டாக்டருக்காகக் காத்திருக்கும் வரிசையில் என்னைப் போன்ற பெண்களைத் தினமும் பார்க்கலாம். அக்காவிடம் பேசிவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார். உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்காவதோ விரல் மடங்காமல் இருந்தால், ஜாக்கெட்டோ சட்டையோ என்னிடம் கொடுங்கள். பிள்ளைகளின் ஷூவுக்கும் தைக்கலாம் என்கிறார். வெல்க்ரோ செலவும் கூலியும் என்னுடையது. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்கள் வாரம் ஒரு நாள்தான் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள், அதைத் தினமும் போடக் கூடாது.

நன்றி அக்கா. நன்றி எல்லோருக்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்